அண்டமும் அசைந்தது, நானும் அசைந்தேன்

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றும் ரயிலைப்போல் நேரம் தவறாத அவைத்தலைவர் தம்புசாமி அவர்களே! பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையைத் தாங்கி நிற்கும் பெரியோர்களே! கிள்ளானிலிருந்து வந்திருக்கும் வணிக நண்பர்களே! பின்வரிசையில் அமர்ந்து முன்வரிசையைத் திணறடிக்கும் தாய்மார்களே! அவர்கள் நடுவிலிருந்து, சீக்கிரம் முடியுங்கள் என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் துணைவி காத்தூன் பீவியே! அனைவருக்கும் ஜவுளிக்கடை மைதீனின் வணக்கம்.

இன்று உங்கள் முன் இருப்பது ஒரே தீர்மானம். செந்தூல் ரயில் பட்டறையில் இயந்திரப் படம் வரைகிறவர் ஸ்டானிஸ்லாஸ். ஞாயிறுதோறும் இம்மேடையில் வானநூல் பேசுகிறவர். அவர் இனி இங்கே பேசக்கூடாதாம். ஏனாம்? சொன்ன சொல்லை மாற்றிவிட்டாராம்! அந்தத் தீர்மானத்தில் முதல் கையொப்பம் யாருடையது? என்னுடையது. சிரிக்காதீர் வேலாயுதம், இரண்டாவது உம்முடையது!

ஏன் போட்டேன்? மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்டானிஸ்லாஸ் இங்கே முழங்கினார். ஐன்ஸ்டைன் என்னும் பேரறிஞர் ஈர்ப்புக்குப் புதிய சமன்பாடு எழுதினார். எழுதிப் பார்த்தால், ஒன்றையொன்று இழுக்கும் விண்மீன்களெல்லாம் ஒருநாள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்துவிடும் போலிருந்தது. அண்டமோ அசையாமல் நிற்கிறது என்றே அன்று எல்லாரும் நம்பினார்கள். என்ன செய்தார்? வெளியே தள்ளும் ஓர் உறுப்பைச் சமன்பாட்டில் சேர்த்தார். இழுப்பதும் தள்ளுவதும் சரிக்குச் சரி. அண்டம் நின்றது!

கேட்ட எனக்குப் புல்லரித்தது. வணிகனுக்குப் புல்லரித்தால் சும்மா இருப்பானா? பேரமே இல்லாத ஒரே விலைக் கடை நடத்துகிறவன் நான். மறுநாளே வாசலில் பலகை மாட்டினேன்: "அண்டம் அசையாது, மைதீன் விலையும் அசையாது!"

போன மாதம் அதே மேடை, அதே ஸ்டானிஸ்லாஸ். "நான் முன்பு சொன்னது தவறு. தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்கள் விலகி விலகி ஓடுவதைத் தொலைநோக்கியில் கண்டுவிட்டார்கள். அண்டம் விரிகிறது. ஐன்ஸ்டைனே அந்த உறுப்பை எடுத்துவிட்டார்" என்றார்.

கேட்டது நூறு பேர்; மறுநாள் என் கடைக்கு வந்தது இருநூறு பேர்! மாரியாயி அக்கா ஒரு சேலையை மடியில் போட்டுக்கொண்டார். "என்னா பாய், அண்டமே நவுருதாம். நீங்க பத்து காசு நவுரக் கூடாதா லா?"

"அக்கா, அது வானத்துல நடக்குறது!"

"பலகை பாசார்லதானே தொங்குது?"

அந்த ஆத்திரத்தில்தான் அவையோரே, கையொப்பமிட்டேன். அது போதாதென்று செந்தூலுக்கே போய்ச் சண்டையும் பிடித்தேன். அவர் அமைதியாகச் சொன்னார்:

"இன்னும் முடியல பாய். அந்த உறுப்ப எடுத்துட்டா அண்டத்தோட வயசு குறையுது. பூமியில கெடக்குற பாறைக்கு அதைவிட வயசு கூட. அதனால அது இருக்கட்டும்னு சில வானநூல்காரங்க சொல்றாங்க."

"ஆத்தாளைவிட மகளுக்கு வயசு கூடவா?"

"அதேதான்! எது சரின்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அதையும் இந்த ஞாயிறு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தீர்மானம் போட்டுட்டீங்க."

"தெரியலைன்னு சொன்னா இன்னும் சிரிப்பானுங்களேய்யா!"

"சிரிக்கட்டும் பாய். தப்பா சொன்ன எடத்துலயே நின்னு சரியா சொல்லணும்ல?"

அவையோரே, அந்தச் சொல் என்னைச் சுட்டது. சாயம் போகாது என்று சத்தியம் செய்து நான் விற்ற துணிகள் எத்தனை! சாயம் போன துணியோடு திரும்பி வந்தவர்களிடம் நான் சொன்னது என்ன? "ஒங்க சோப்பு சரியில்லம்மா!" என்றேன். ஆமாம் தாய்மார்களே, உங்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்!

உலகமே போற்றும் பேரறிஞர் உரக்கத் திருத்திக்கொண்டார். உழைத்துப் படித்த ஸ்டானிஸ்லாஸ் ஊரறியத் திருத்திக்கொண்டார். மைதீன் மட்டும் சோப்பைக் குறை சொல்லிக்கொண்டே நிற்பதா? தவறே செய்யாதவர்தான் இம்மேடை ஏறலாம் என்றால், இங்கே ஏறப்போவது யார்? நானா? நீங்களா? நாற்காலியில் இருக்கும் தலைவரா? தவற்றை மறைப்பவனுக்கு மாலை, தவற்றைச் சொல்பவனுக்குத் தடையா? எந்த ஊர் நியாயம் இது?

இதோ, உங்கள் எல்லார் முன்னிலையிலும் என் பெயரை அடிக்கிறேன். வேலாயுதம், பேனாவைப் பிடியும்! யோசிக்கிறார்... எழுந்துவிட்டார்... வாங்கிக்கொண்டார்! கை தட்டுங்கள், அவருக்கும் கூச்சமாய்த்தான் இருக்கும்!

தலைவர் அவர்களே, எனக்குத் தந்த நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் மீதி. அதை ஸ்டானிஸ்லாஸுக்குக் கொடுக்கிறேன். வாரும் ஐயா, உமக்குத் தெரியாததைச் சொல்லும், கேட்கிறோம்! பொறுத்தருளிய அனைவருக்கும் நன்றி. எல்லார்மீதும் இறைவனின் அமைதி நிலவுக.