ரத்தத்தில் பூஜ்யம்

பொப்பி: “திருடன் வீட்டுக்குள்ள பூந்துட்டான்னா, வாசல்ல நிக்கிற காவக்காரனால என்ன பிரயோஜனம்?” டாக்டரம்மா அன்னிக்கு என்னைக் கேட்டாங்கண்ணா. நீயும் பக்கத்துலதான் இருந்த.

ஸ்தமாதிஸ்: இருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கப்பல்ல வந்த தலைச்சுத்தல்ல ஒன்னும் காதுல ஏறல. அதை விடு. முதல்ல பேண்டு யூனிஃபார்மைக் கழட்டு.

பொப்பி: மாட்டேன்.

ஸ்தமாதிஸ்: ஈஸ்டர் சனிக்கிழமைடி இன்னிக்கு. மாடிக்கு மாடி பானையைத் தூக்கிப் போட்டு உடைப்பாங்க. பாதி கோர்ஃபு தீவே கீழ வாயைப் பொளந்துட்டு நிக்கும். நடுவுல நீ முகக்கவசம் இல்லாம...

பொப்பி: போட்டுக்கிட்டா கிளாரினெட்டை எதால ஊதறது? மூக்காலயா?

ஸ்தமாதிஸ்: ஊதவே வேணாம்! ரிப்போர்ட் என்ன சொல்லுது? எதிர்ப்புப் புரதம் பூஜ்யம். தடுப்பூசி போட்டும் பூஜ்யம். உன் நரம்பு நோய்க்கு ஏத்துற மருந்து எல்லாத்தையும் தொடச்சு எடுத்துடுச்சு.

பொப்பி: வாசல் காவக்காரனை, அந்தப் புரதத்தைத்தான் தொடச்சுது. ரத்தத்துக்குள்ள ரோந்து சுத்தி வர்ற டி செல்லுங்கிற படையை அது தொடல. ஊசி போட்டப்பவே அதுங்க வைரஸோட சாடையைத் தெரிஞ்சு வச்சுக்கிச்சு. தனியா சோதிச்சுப் பாத்துட்டுத்தானே டாக்டரம்மா சொன்னாங்க?

ஸ்தமாதிஸ்: அதுங்க என்னத்தைக் கிழிச்சிடும்?

பொப்பி: நுரையீரல்ல எந்த செல்லுக்குள்ள வைரஸ் ஒளிஞ்சிருக்கோ, அந்த செல்லையே கொன்னுடும். திருடனை அவன் ஒளிஞ்ச அறையோட சேத்து இடிக்கிற மாதிரி. காய்ச்சலே வராதுன்னு யாரும் சொல்லல. வந்தா நான் வெறுங்கையோட நிக்க மாட்டேன், அவ்வளவுதான்.

ஸ்தமாதிஸ்: ‘வந்தா’... அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் ரெண்டு வருஷமா உன்னை...

பொப்பி: பூட்டி வச்ச. என் பேருள்ள புனிதரோட திருநாளுக்கு பேண்டே தெருவுல வந்து நின்னு வாசிச்சுது. நான் கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு கையாட்டினேன், கூண்டுக் குரங்காட்டம்.

ஸ்தமாதிஸ்: உசுரோட இருக்கல்ல?

பொப்பி: இருக்கேன். அதான் ஊதப் போறேன்.

ஸ்தமாதிஸ்: பேண்டு மாஸ்டருக்கு போன் போடறேன். இவளைச் சேக்காதீங்கன்னு...

பொப்பி: போடு. அவருக்கு எல்லாம் தெரியும்.

ஸ்தமாதிஸ்: எல்லாம்னா?

பொப்பி: அந்தக் கிளாரினெட் பெட்டியை இப்படி எடு.

ஸ்தமாதிஸ்: பேச்சை மாத்தாத.

பொப்பி: எனக்கு வந்துட்டுப் போயிடுச்சு.

ஸ்தமாதிஸ்: எது?

பொப்பி: வைரஸ்தான். ஈஸ்டர் நோன்பு ஆரம்பிச்ச வாரம். தலைவலின்னு கதவைச் சாத்திக்கிட்டேனே... தலகாணியில முகத்தை அமுக்கிக்கிட்டு இருமினேன். டாக்டரம்மா தினம் போன்ல விசாரிச்சாங்க, மாத்திரை அனுப்பினாங்க. ஒரு நாளும் மூச்சு திணறல.

ஸ்தமாதிஸ்: அடிப்பாவி! அப்ப மாத்திரைதான் காப்பாத்தியிருக்கு!

பொப்பி: மாத்திரை வைரஸைப் பெருகவிடாம புடிச்சு வச்சுது. உள்ள ஒளிஞ்சதைத் தேடித் தேடி அடிச்சது யாரு? பூஜ்யமா?

ஸ்தமாதிஸ்: அம்மாவுக்குத் தெரியுமா?

பொப்பி: தெரியாது.

ஸ்தமாதிஸ்: நீ வாசலைத் தாண்டலையே... யாரு கொண்டாந்து குடுத்தது? உங்க பேண்டுல டிரம் அடிக்கிறானே, அவனா? ஜன்னல் வழியா ஏறி வந்தானா?

பொப்பி: அவனுக்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும். விடுண்ணா.

ஸ்தமாதிஸ்: விட மாட்டேன். பேரைச் சொல்லு, அவன் கையை ஒடிக்கிறேன்.

பொப்பி: நேரமாச்சு. வழி விடு.

ஸ்தமாதிஸ்: பேரைச் சொல்லாம இந்த வாசலைத் தாண்ட முடியாது உன்னால.

பொப்பி: வேணாண்ணா...

ஸ்தமாதிஸ்: சொல்லுடி!

பொப்பி: நோன்பு தொடங்கின திங்கக்கிழமை. அன்னிக்குன்னு சுடற லகானா ரொட்டியைச் சூடா வாங்கிட்டு வந்து, நீயே பிச்சு என் தட்டுல வச்ச. உன் தொண்டை கட்டியிருக்கேன்னு கேட்டேன். கார்னிவல்ல கத்தினதுன்னு சொன்ன. மறுநாள் நீ போன்ல பேசினது சுவரைத் தாண்டிக் கேட்டுச்சு... “ஞாயித்துக்கிழமையே டெஸ்ட் கிட்டுல ரெண்டு கோடு காட்டிடுச்சு, வீட்ல மூச்சு விடல.” நான் செத்துருவேன்னு நெனச்சு நீ அழுவியேன்னுதான் நானும் காய்ச்சலை மறைச்சேன்... அண்ணா? படி இறங்கிட்டியா? திட்டிட்டாவது போயேண்ணா...