சாவி அங்கேயே இருக்கட்டும்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. எங்கள் சலவைக்கூடத்தில் நாற்காலி கிடையாது. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். அதனால் முதலில் உங்களுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். நன்றியில் தொடங்கினால் எந்தப் பேச்சும் சுமுகமாகப் போகும்.

நான் எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. கணவருடைய சட்டைகளை மோந்து பார்த்த காலம் உண்டு. அவர் குளிக்கும்போது ஃபோனைத் துழாவுவேன். பேருந்து தாமதம் என்று அவர் சொன்னால், நிறுத்தத்துக்கே போய் விசாரித்துவிட்டு வருவேன். ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "உன் சந்தேகத்தோடயே குடும்பம் நடத்து" என்று வாசலில் நின்று சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. இனி எதையும் சந்தேகப்படுவதில்லை என்று அன்று முடிவெடுத்தேன். நீரில் மூழ்குகிறவர்கள் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார்களே, அப்படிப் பிடித்துக்கொண்டேன்.

நான் அந்தக் கூடத்தின் மேற்பார்வையாளர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் எங்களிடம் வரும். உலர்த்தும் இயந்திரம் ஒரு சிறிய அறை அளவு இருக்கும். சுழலும்போது விரிப்புகள் முறுக்கிக் கயிறாகிவிடும். யாராவது உள்ளே ஏறித்தான் பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏறுகிறவள் இயந்திரத்தின் சாவியை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறுவாள். சாவி இல்லாமல் அது ஓடாது. வெளியே வந்ததும் திரும்பச் சொருகுவாள்.

அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வலித்தது. ஒரே குவளையில் தேநீர் பகிர்ந்துகொள்கிற பெண்கள், 'உன்னை நம்பி உள்ளே போகமாட்டேன்' என்று தினமும் சொல்லாமல் சொல்வதுபோல இருந்தது. சாவி அங்கேயே இருக்கட்டும் என்றேன். "நான் உள்ள போறேன்" என்று ஒருத்தி குரல் கொடுத்தால், வெளியே இருப்பவள் "நான் இருக்கேன்" என்றால் போதும். காலையில் வேலை தொடங்குமுன் ஆளுக்கொரு நன்றி சொல்லவும் வைத்தேன். இஸ்திரி போடும் அக்காவுக்கு வானொலி என்று பட்டப்பெயர். "இந்தச் சூட்டுல இன்னும் வேகாம இருக்கோமே, அதுக்கு ரொம்ப நன்றி" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

சிரிக்காதவள் என் தங்கை மட்டுமே. உலர்த்தியில் அவளுக்குத்தான் வேலை.

"சாவியை எடுத்துக்கறேன்க்கா."

"ஏன், எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை வேற, சாவி வேற."

"நல்லதையே நினைடி."

"நீ நினைச்சுக்கோ. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

பிடிவாதக்காரி. ஆனாலும் மூன்று மாதத்தில் பழகிக்கொண்டாள். அல்லது அலுத்துப்போனாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் மடிக்கும் மேசையில் இருவரும் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்திருந்தோம். அப்போது சொன்னாள்.

"அக்கா, மாமாவைப் பார்த்தேன். கூட ஒரு பொண்ணு, இடுப்புல குழந்தை. ஒரு வயசு இருக்கும். அவர் போய் எட்டு மாசம்தானே ஆகுது. நீ சந்தேகப்பட்டது சரிதான்க்கா. உன் மேல தப்பே இல்ல."

ஆறுதலாகத்தான் சொன்னாள். விரிப்பைப் போட்டுவிட்டு என் கையைக்கூடப் பிடித்தாள். எட்டு மாதமாக ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கி நான் ஒரு வீடு கட்டியிருந்தேன். அவள் அடியிலிருந்து ஒன்றே ஒன்றை உருவினாள்.

"அது வேற யாராவதா இருக்கும்" என்றேன்.

என்னையே பார்த்தாள். "சரிக்கா" என்று உலர்த்திப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. "நான் உள்ள போறேன்."

"நான் இருக்கேன்" என்றேன். அந்த வழக்கத்தை நான் மீறியதே இல்லை.

மீதி விரிப்புகளை மடித்துவிட்டு அங்கே போனபோது இயந்திரத்தின் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே அவளுடைய காலணிகள் ஜோடியாக இருந்தன. உள்ளே இருக்கிறாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. அது சந்தேகம். நான் சந்தேகத்தை விட்டவள். வேலையை முடித்துவிட்டு வெறுங்காலோடு கழிவறைக்குப் போயிருப்பாள் என்று நம்பினேன். கதவைச் சாத்தினேன். சாவியைத் திருப்பினேன்.

உள்ளே தட்டும் சத்தம் வந்தது. வானொலி இஸ்திரியை நிமிர்த்தி வைத்தாள்.

"என்னமோ அடிக்குதே?"

"ஈரப் போர்வைதான்க்கா. கனமா இருக்கும்ல."

"உன் தங்கச்சி எங்க? ஒரு தடவை நிறுத்திப் பாரேன்."

"எதுக்கெடுத்தாலும் பயப்படாதீங்க. நல்லதையே நினைங்க."

அவள் திரும்ப இஸ்திரியை எடுத்தாள். மேற்பார்வையாளர் சொன்னபின் பாவம் அவள் என்ன செய்வாள். அவளை விட்டுவிடுங்கள். சாவியின் மேல் இருந்தது என் கைதான். திருப்பினால் நின்றுவிடும் என்பது கைக்குத் தெரியும். ஏழு நிமிடம். கடிகாரம் நேரெதிரே இருந்ததால் சொல்கிறேன்.

எப்போது தெரிந்தது என்றுதானே கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். காலணிகளைப் பார்த்தபோதே தெரியும். ஆனால் பிறகு தட்டும் சத்தம் நின்றது. எப்படியோ வெளியே வந்துவிட்டாள் என்று கண்ணை மூடி நன்றி சொன்னேன்.