திருப்புளியார் விலகவில்லை

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் சங்கத்து உறுப்பினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் துப்பாக்கி சுடும் சங்கத்தின் ஆயுத அறையை இருபத்திரண்டு ஆண்டுகள் காத்தவர், சட்டைப் பையில் எப்போதும் மூன்று திருப்புளிகளைச் செருகியிருந்ததால் நாம் எல்லோரும் திருப்புளியார் என்றே அழைத்தவர், சென்ற வியாழக்கிழமை காலை தன் வீட்டு நாற்காலியில் அமர்ந்தபடியே மாரடைப்பில் மறைந்தார். அவருக்கான இரங்கல் தீர்மானத்தை வழிமொழிய என்னை மேடைக்கு அழைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் படியேறும்போது செயலாளர் என் பக்கம் சாய்ந்து, "நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடும்மா, பழசெல்லாம் வேணாம்" என்றார்.

நான் பழசைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். மன்னிக்க வேண்டும்.

திருப்புளியார் எப்படிப்பட்டவர்? அன்பானவர், பண்பானவர் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். நான் அறிந்த திருப்புளியார் சந்தேகக்காரர். தோட்டாப் பெட்டியில் ஐம்பது என்று அச்சடித்திருந்தால் எண்ணிப் பார்ப்பார். காற்று இல்லை என்று யாராவது சொன்னால் சன்னல் பக்கம் போய் நின்று பார்ப்பார். "நல்லா சுட்டேன் சார்" என்று நாம் சொன்னால் "சுட்ட அட்டையைக் காட்டு" என்பார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் இங்கே சேர்ந்தபோது எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவள். ரைஃபிள்களைப் பற்றிப் பதினொரு புத்தகங்கள் படித்துவிட்டு வந்திருந்தேன். அவர் கேட்டார், "என்ன வாங்கப் போற?"

"போல்ட் ரைஃபிள் சார். பழைய மரக்கட்டை மாடல். ஒவ்வொரு தோட்டாவுக்கும் நாமே கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளிப் பூட்டுறது."

"யார் சொன்னா?"

"படிச்சேன்."

"எழுதினவன் சுட்டானா?"

புத்தகத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கினேன். "சரி, ஸ்கோப்?" என்றார். இருபத்துநாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் வேண்டும் என்றேன். அன்றிலிருந்து என் பெயர் அவருக்கு நூலகம் ஆகிவிட்டது. "வாம்மா நூலகம், சனிக்கிழமை வா, பாத்துக்கலாம்."

அந்தச் சனிக்கிழமை ஆயுத அறை மேசையில் மூன்று ரைஃபிள்கள் இருந்தன. மூன்று ஸ்கோப்புகள் இருந்தன. எல்லாவற்றின் மேலும் பழுப்புக் காகிதம் சுற்றி, செய்தவர் பெயரும் எண்ணும் தெரியாதபடி ஒட்டியிருந்தார். ஒவ்வொரு ரைஃபிளிலும் ஒவ்வொரு ஸ்கோப்பாக மாற்றி மாட்டினார். ஒன்பது சேர்க்கைகள். நான்கு சனிக்கிழமைகள். ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா சுடச் சொல்லி, அட்டைகளின் பின்னால் தன் குறியைப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார். எது பிடித்திருக்கிறது என்று ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை.

ஒரு ஸ்கோப்பில் இலக்கின் நடுப்புள்ளி தட்டு அளவுக்குத் தெரிந்தது. ஆனால் அது நிற்கவே இல்லை. மேலும் கீழும் தத்தியது.

"என்ன தெரியுது?"

"ஆடுது சார்."

"அது உன் நாடி. கட்டையில கன்னத்தை வெச்சிருக்கல்ல, உன் நெஞ்சு அடிக்கிறது அங்க தெரியுது. அதைச் சுடவா வந்தே?"

நான்காவது சனிக்கிழமை ஒன்பது அட்டைகளையும் மேசையில் பரப்பினார். எந்த அட்டையில் ஐந்து ஓட்டைகளும் நெருங்கியிருக்கின்றன என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். காகிதத்தைக் கிழித்தார். மூன்றிலும் பழையதான மரக்கட்டை ரைஃபிள். அதன் மேல் வெறும் பத்து மடங்கு ஸ்கோப். "ரைஃபிள்ல நீ படிச்சது சரி. ஸ்கோப்புல நீ ஆசைப்பட்டது தப்பு" என்றார்.

நான் மகிழ்ந்தேனா? இல்லை. சந்தேகப்பட்டேன். அந்தப் பத்து மடங்கு ஸ்கோப், முன்வரிசையில் இருக்கும் அவர் மனைவி, நம் அம்மாவின் தம்பி, அதாவது அவருடைய மச்சான், தன் கடையில் விற்பது. இது நம் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது அட்டைகளையும் நானே சுட்டிருந்தும், மனிதர் ஏதோ செய்திருப்பார் என்று தோன்றியது. ஆகவே மூன்று மணி நேரம் பேருந்தில் போய் வேறு ஊரில் அதே ஸ்கோப்பை வாங்கி வந்தேன். பெட்டியைப் பார்த்ததும் சிரித்தார். "பஸ்ல சன்னல் சீட் கிடைச்சுதா?"

இப்படிச் சந்தேகப்பட்டவள் நான் ஒருத்திதானா? ஸ்கோப்பை ரைஃபிளோடு இறுக்கிப் பிடிக்கும் வளையங்கள் சங்கத்துக்குத் தேவைப்பட்டபோது, திருப்புளியார் ஒரு வகையைச் சொன்னார். அது மச்சான் கடையில் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நாம் வேறு வகையை வாங்கினோம். "இந்த இரும்பு மெத்துன்னு இருக்கு, திருகாணி நிக்காது" என்று அவர் சொன்னது அன்றைய கூட்டக் குறிப்பில் இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன். அந்த வளையங்களில் ஒரு ஜோடிதான் என் ரைஃபிளிலும் இருந்தது.

இனி நான் சொல்லப் போவது எனக்குச் சுலபமில்லை.

ஆறு வாரங்களுக்கு முன் அணித் தேர்வு நடந்தது. முதல் முப்பது தோட்டாக்கள் வரை நான் முன்னால் இருந்தேன். அதன் பிறகு என் தோட்டாக்கள் ஒவ்வொன்றாக மேலே, இடது பக்கமாக நகர்ந்தன. ஏழு புள்ளியில் இடத்தை இழந்தேன். என் இடத்தில் அணிக்குப் போனவர் மச்சானின் மகள். அவரும் இந்த அரங்கில் இருக்கிறார். அன்று அவர் நன்றாகச் சுட்டார். அந்த இடம் அவருடையதுதான். ஆனால் அன்று என் மனதில் ஓடிய கணக்கு வேறு. வீட்டுப் பிள்ளைக்காகத் திருப்புளியார் ஏதோ செய்துவிட்டார் என்று நினைத்தேன்.

ரைஃபிளைத் திருப்பிப் பார்த்தேன். பின் வளையத்தின் திருகாணிகள் விரலால் தொட்டாலே ஆடின. அவற்றின் தலையில் சிவப்புச் சாயம் இருந்தது. அதற்கு முன் நான் அதைக் கவனித்ததே இல்லை. கழற்றியவர் கீறலை மறைக்கத்தான் சாயம் பூசியிருக்கிறார் என்று ஒரே நொடியில் முடிவு கட்டினேன். பேனாக்கத்தியை எடுத்துச் சாயத்தை முழுவதும் சுரண்டினேன். அடியில் திருப்புளி பட்ட கீறல் இருந்தது. போதாதா? நேரே போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன்.

விசாரணையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். நாம் கேட்டோம், அவர் சொன்னார்.

"சிவப்பு நீங்க வெச்சதா?"

"நான்தான்."

"எதுக்கு?"

"அடையாளத்துக்கு. எல்லா ரைஃபிள்லயும் இருக்கு. போய்ப் பாருங்க."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

இதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அவர் மேல் எனக்குள்ள ஒரே குறை இதுதான். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நல்ல காரியத்தை அவர் ஏன் ரகசியமாகச் செய்ய வேண்டும்? சொன்னால் யாராவது அதே சாயத்தை வாங்கிப் பூசி ஏமாற்றிவிடுவார்கள் என்று நினைத்தார் போலும். அதை ஒதுக்கி வைக்கிறேன். "போய்ப் பாருங்க" என்றாரே, யாராவது போனோமா? விசாரணை நடந்த அறையிலிருந்து ஆயுத அறைக்குப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும். "அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றோம். சாவியை மேசையில் வைக்கச் சொன்னோம். வைத்தார். திருப்புளிகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "அது உங்களோடதுதானே" என்று சொல்லக்கூட நம்மில் யாருக்கும் வாய் வரவில்லை.

வாசலில் என்னைப் பார்த்து நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நூலகம், நீ சந்தேகப்பட்டது தப்பில்ல. சுரண்டினதுதான் தப்பு."

"பயமா இருக்கா சார்?" என்று கேட்டேன். ஆம், அப்படித்தான் கேட்டேன்.

"எனக்கென்ன பயம். நான் திருகாணியை இறுக்கிட்டு, தலையிலேருந்து வளையம் வரைக்கும் ஒரு கோடு போடுவேன். திருகாணி திரும்பினா கோடு உடையும். உன் ரைஃபிள்ல திருகாணி ஆடும்போது கோடு முழுசா இருந்திருந்தா, அவுத்துட்டு மறுபடி சாயம் பூசினது நான்தான்னு என்னைப் பிடிச்சிருக்கலாம். உடைஞ்சிருந்தா, அது தானா திரும்பியிருக்குன்னு தெரிஞ்சிருக்கும். ரெண்டுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டியே."

இதைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கெட்டிக்காரர், நன்றாகக் கதை கட்டுகிறார் என்று தோன்றியது.

அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க ஒரு பிற்பகல் போதும். எனக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. நான் சோதிக்கவில்லை. ஏன்? நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவர் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்று எனக்குச் சந்தேகம் வந்திருந்தது.

சென்ற வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கூடம் நிறையச் செருப்புகள், யார் யாரோ உறவினர்கள். அம்மா என்னை அடையாளம் கண்டு சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். புகார் கொடுத்தது நான் என்று அவருக்குத் தெரியாது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார், "அஞ்சு வாரமா வீட்டுலயே இருந்தார். உடம்பு சரியில்ல, லீவுன்னார். கடைத்தெருவுல ஒருத்தி, 'உங்க வீட்டுக்காரர் துப்பாக்கியைக் கழட்டிட்டாராமே'ன்னு கேக்கிறா. என் தம்பி பொண்ணுக்காகச் செஞ்சாராம். நெசமா? நீ அங்க இருக்கிறவ, நீ சொல்லு கண்ணு."

முப்பத்தோரு ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தவர் கேட்கிறார், நெசமா என்று. அவர் மனதில் அந்தச் சந்தேகத்தைப் போட்டது யார்? கடைத்தெருக்காரியா? நான். "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று அரசு அலுவலகம் மாதிரி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

சனிக்கிழமை சுடுதளம் திறந்ததும் வந்தேன். என் ரைஃபிளை நானே இறுக்கினேன். நானே கோடு போட்டேன். அதன் பிறகு அதை என் கையைவிட்டு இறக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனபோதும் கையோடு கொண்டு போனேன். அறுபது தோட்டா சுட்டேன். முப்பத்தைந்தாவது தோட்டாவில் ஓட்டைகள் நகரத் தொடங்கின. மேலே, இடது பக்கம். அறுபது முடிந்ததும் பார்த்தேன். பின் வளையத்தின் இரண்டு திருகாணிகளிலும் கோடு உடைந்திருந்தது. அந்த ரைஃபிளை யாரும் தொடவில்லை. தொடுவதற்கு அவர் உயிரோடும் இல்லை.

என்னையே நான் நம்பாமல் ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்தேன். அதே முடிவு. பிறகு அந்தப் பன்னிரண்டு எட்டு நடந்து ஆயுத அறைக்குப் போனேன். பத்தொன்பது ரைஃபிள்கள். பத்தொன்பதிலும் சிவப்புக் கோடு. நாம் வாங்கிய வளையங்கள் உள்ள ஏழில் ஐந்தில் கோடு உடைந்திருக்கிறது. பழைய வளையங்கள் உள்ள பன்னிரண்டில் ஒன்றில்கூட உடையவில்லை. நம்ப வேண்டாம். கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள், சாவியைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், நானே திறந்து காட்டுகிறேன்.

அம்மா, நீங்கள் கேட்டதற்கு எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்கிறேன். அவர் கழற்றவில்லை. புகார் கொடுத்தவள் நான். அன்று சமையலறையில் சொல்லத் தைரியம் வரவில்லை. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை; கேட்கவும் இல்லை.

உறுப்பினர்களே, புதிய பொறுப்பாளர் வரும்வரை ஆயுத அறை வேலையை நான் செய்கிறேன். எல்லாத் திருகாணிகளுக்கும் கோடு போடுவேன். ஆனால் ரகசியமாக அல்ல. உங்கள் ஒவ்வொருவரையும் பக்கத்தில் நிறுத்தி, உங்கள் கையாலேயே போட வைப்பேன். புதிதாக வருகிறவர்களுக்குக் காகிதம் சுற்றிய ரைஃபிள்களைக் கொடுத்து ஒன்பது அட்டைகளும் சுடச் சொல்வேன். அவர்கள் என்னைச் சந்தேகிக்கட்டும். சந்தேகித்துவிட்டு, போய்ச் சோதித்தும் பார்க்கட்டும். திருப்புளியாரின் வேலையை இப்படித்தான் தொடர முடியும் என்று நினைக்கிறேன்.

கடைசியாகத் தீர்மானம். வாசலில் எல்லோருக்கும் கொடுத்த தாளை எடுத்துப் பாருங்கள். மூன்றாவது வரி. "உடல்நலம் கருதித் தாமாகவே பொறுப்பிலிருந்து விலகிய" என்று இருக்கிறது. தலைவர் அவர்களே, இதை யார் எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் விலகினாரா? அந்த மேசையில் சாவி விழுந்த சத்தம் நம்மில் எட்டுப் பேருக்குக் கேட்டது. அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "ஓர் உறுப்பினரின் தவறான புகாரை நம்பி, அடுத்த அறைக்குக்கூடப் போய்ப் பார்க்காமல், சங்கம் இவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. இவர் மீது குற்றம் எதுவும் இல்லை." 'ஓர் உறுப்பினரின்' என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள்.

செயலாளர் கையசைக்கிறார். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்கிறார்.

ஐயா, மற்ற ரைஃபிள்களையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அன்றைக்குச் சொன்னோம். தீர்மானத்தை வழிமொழியத்தான் என்னை அழைத்தீர்கள். அந்த ஒரு வரியைத் திருத்துங்கள், வழிமொழிகிறேன். அதுவரை நான் இந்த மேடையைவிட்டு இறங்கப் போவதில்லை.