தம்பி எடுத்த பூட்டு

எனக்குச் சர்க்கரை போடாத தேநீர்தான் பிடிக்கும். தம்பிக்கு இனிப்பு தூக்கலாக இருக்க வேண்டும். மற்றபடி எங்களுக்குள் பேதமில்லை. ஒரே அலுவலகத்தில், சுவாசக் கருவியின் உள்ளே எல்லாவற்றையும் ஓட்டும் கெர்னல் என்ற அடிப்படை நிரலை அவன் எழுதுவான், நான் சரிபார்ப்பேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவன், எனக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டான். அதில் எனக்கு வருத்தமில்லை, ஐயா.

நினைவகத்தில் எந்த இடம் எதற்கு என்று ஒரு வரைபடம் இருக்கும். நிரலின் ஒரு பகுதி அதைப் படிக்கும்போது இன்னொரு பகுதி திருத்திவிடக் கூடாது. அதற்குத்தான் பூட்டு. படித்து முடித்துத் திறக்கும்வரை திருத்துவது காத்திருக்கும்.

"அண்ணே, சும்மா படிக்கிறதுக்கு எதுக்குப் பூட்டு? எடுத்துட்டா வேகமா ஓடும்ல?" என்றான் தம்பி.

தப்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. என்றாவது ஒருநாள் இரண்டும் மோதும், கருவி நின்றுவிடும்.

"எடுத்துடு," என்றேன்.

சோதனையில் ஒருமுறை நின்றது. தம்பி சோறு தண்ணி இல்லாமல் தேடினான். எங்கே தவறுகிறது என்று பார்க்க நிரலில் ஒரு வரி சேர்ப்பான். அந்த வரியால் ஓட்டம் சற்றே தாமதமாகி, மோதல் நடக்காமல் போகும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒயர் லூசா இருந்திருக்கும்டா," என்றேன். நம்பிவிட்டான். சிறுவயதிலிருந்தே நான் சொன்னால் நம்புவான்.

பிறகு அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. மருத்துவமனையில் எங்கள் கருவியைத்தான் பொருத்தினார்கள். "என் சின்ன மகன் செஞ்சதும்மா," என்று முகமூடியை விலக்கி நர்ஸிடம் பெருமைப்பட்டார்.

"பெரியவரு?"

"அவனா? அவன் சும்மா சரிபாப்பான்."

அறை மூலையில் வேறு நிறுவனத்தின் கருவி ஒன்று சும்மா நின்றது. மாற்றுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவுக்குப் போர்வையை இழுத்துவிட்டேன்.

மறுநாள் மதியம் கருவி நின்றது. எச்சரிக்கை ஒலியும் அதே கெர்னலில் ஓடுவதால் சத்தமே வரவில்லை. நர்ஸை அழைக்கும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அப்பா என் சட்டையைப் பிடித்தார். நான் திரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கை தளரும்வரை.

தம்பி பழியைத் தானே ஏற்றுக்கொண்டான். "உனக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். தெரியாது என்றேன்.

நீங்கள் கேட்டதால் சொன்னேன், ஐயா. அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அப்பாவைப் பறிகொடுத்தவன், பாவம், அண்ணனையும் இழக்க வேண்டாம்.