கப்பலில் ஒரு படுக்கையை நான் ரத்து செய்தது பற்றி

என் பெயரும் வீட்டு முகவரியும் தனித் தாளில் எழுதப்பட்டு உறையில் வைக்கப்பட்டுள்ளன. எனக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் என் அம்மாவும் நானும் மட்டும் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். இன்று வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். என் பள்ளி நூலகர் துணைக்கு உடன் இருக்கிறார். நடந்ததை நடந்த வரிசையில், எதையும் சேர்க்காமல், என் கையாலேயே எழுதலாம் என்று விசாரணை அதிகாரி அம்மையார் கூறினார்.

என் அம்மாவுக்கு மூன்று தோழிகள். நால்வரும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருவர் பல் மருத்துவமனையில் உதவியாளர்; அவரை நான் பல் அத்தை என்று கூப்பிடுவேன். இந்த வழக்கில் புகார் கொடுத்தவர் அவர்தான். இன்னொருவர் தையல் அத்தை. மூன்றாமவர் பேருந்தில் நடத்துநர். வாய் ஓயாமல் பேசுவதால் அவருக்கு ஊமை என்று பட்டப்பெயர். அம்மாவை அவர்கள் கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். இவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு நால்வரும் சேர்ந்து சொகுசுக் கப்பலில் சில நாள் ஓய்வாகப் போய்வர முடிவு செய்தார்கள். எந்தக் கப்பல் என்று பார்த்துச் சொல்லும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்தார். நான் ஒன்பது நாள் படித்து, பெரிய தாளில் கட்டம் போட்டு, மூன்று கப்பல்களை ஒப்பிட்டு எழுதினேன். முதல் கப்பல் பெரியது, கூட்டமும் இரைச்சலும் அதிகம். இரண்டாவதில் ஒரு சிறிய நூலகமும், அறைக்கு ஐந்து படுக்கைகளும், பால்கனியும் இருந்தன. மூன்றாவது சிறியது, அமைதியானது, அறைக்கு நான்கு படுக்கைகள். இரண்டாவதற்கு நேராக நான் நட்சத்திரம் போட்டிருந்தேன். ஐந்தாவது படுக்கை எனக்கு என்று யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வந்த ஞாயிறன்று தாளை நடுவில் விரித்துவைத்துப் பேசினார்கள்.

"நூலகமா? கடலுக்குப் போயும் யாருடி படிக்கப் போறா?" என்றார் தையல் அத்தை.

"நாலு நாள் நான் உட்கார்ந்துகிட்டே போகணும். எவன்கிட்டயும் சில்லறை கேட்கக் கூடாது. எந்தக் கப்பலா இருந்தா என்ன?" என்றார் ஊமை அத்தை.

அம்மா இரண்டாவது கப்பலைச் சொன்னார். "அதுல பால்கனி இருக்குடி."

"பால்கனில என்ன பண்ணப் போறே, துணி காயப் போடவா? நாலு பேருக்கு நாலு கட்டில் போதும்டி. நாள் பூரா ஊரார் வாயைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு. சத்தமில்லாத கப்பலாப் பாரு" என்றார் பல் அத்தை.

"எப்பவும் நீ வெச்சதுதான் சட்டம்" என்று அம்மா கோபமாகச் சொன்னார். அதன் பிறகு கை தூக்கச் சொன்னதில் மூன்றாவது கப்பலுக்கு மூன்று கைகள் வந்தன.

நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கிருந்து கேட்டது: அம்மா, "இவளை யாருகிட்ட விடறது?" என்றார். பல் அத்தை, "ஒரு புத்தகத்தைக் கையில குடுத்து மூலையில உட்கார வெச்சா உன் பொண்ணுக்கு நாலு நாள் ஓடிரும். நீ எங்கேயும் போயி பத்து வருஷமாச்சுடி, கண்ணாடி" என்றார். அதற்கு அம்மா சிரித்தார். அம்மாவுக்கு முன்பல் ஒன்று சற்று முன்னே நிற்கும். என்னோடு சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். அப்போது மூடவில்லை. இது வழக்குக்குத் தேவையா என்று அதிகாரி கேட்டார். தேவை என்று நினைக்கிறேன் என்றேன்.

அதன் பிறகு அம்மாவின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து நானே நால்வருக்கும் பதிவு செய்தேன். அதற்காக நால்வரின் பிறந்த தேதிகளும் என்னிடம் தரப்பட்டன.

அதன் பிறகு வந்த நாட்களில் அம்மா இரண்டு ஜோடி புதுச் செருப்புகள் வாங்கினார். ஒன்று பல் அத்தைக்கு. தொலைபேசியில் பேசும்போது மாடிப்படிக்குப் போய்ப் பேசினார். பல் அத்தையின் குரல் கேட்டால் அம்மாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகும். நான் தேர்வில் முதலிடம் வந்ததைச் சொன்னபோது, "நல்லதும்மா" என்றார்.

சென்ற வியாழக்கிழமை மாலை நாலே முக்கால் மணிக்கு, அம்மா கடையில் இருந்தபோது, அம்மாவின் அதே மின்னஞ்சலிலிருந்து, பல் அத்தையின் பெயரில் கப்பல் நிறுவனத்துக்கு நான் கடிதம் அனுப்பினேன். "சொந்தக் காரணங்களால் என்னால் பயணம் செய்ய இயலாது. என் படுக்கையை ரத்து செய்யவும்" என்று எழுதி, பதிவு எண்ணையும் அவருடைய பிறந்த தேதியையும் கொடுத்தேன். ஒரு படுக்கை காலியானால் அம்மா என்னை அழைத்துப் போவார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பல் அத்தையின் கைபேசிக்கு ரத்துச் செய்தி போனது. அவர் நிறுவனத்தைக் கேட்டபோது, பதிவு செய்த அதே முகவரியிலிருந்துதான் கடிதம் வந்தது என்றார்களாம். அதன் பிறகு அவர் அம்மாவைக் கூப்பிட்டார். அவர் குரல் எனக்கே கேட்டது. "பால்கனி கிடைக்கலைன்னு என்னைக் கழட்டி விட்டியா? நேராச் சொல்லியிருந்தா நானே விலகியிருப்பேனேடி!" அம்மா இல்லவே இல்லை என்றார். அத்தை நம்பவில்லை. சனிக்கிழமை, தன் பெயரில் யாரோ கள்ளக் கடிதம் எழுதியதாக இங்கே புகார் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அம்மா நான்கு கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு, திரும்பவும் அலமாரியில் அடுக்கினார். நான் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அதிகாரி அம்மாவை அழைத்து, கடிதத்தின் நகலைப் படிக்கக் கொடுத்தார். அம்மா வீட்டுக்கு வந்து கணினி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இன்று காலை நான் பள்ளிக்கு ஏறிய பேருந்தில் ஊமை அத்தை இருந்தார். இன்றைக்கு அவர் பேசாமலே பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "என்ன அத்தை?" என்று கேட்டேன்.

"உங்கம்மா நேத்து ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டாளாம். நான்தான் பண்ணினேன், பொறாமைல பண்ணினேன்னு. நகமும் சதையுமா இருந்தவங்கடி."

"அப்போ நீங்க மூணு பேரும் போவீங்களா?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கே! நாலுல ஒண்ணு வரலைன்னா மத்த மூணும் போறதில்லை. பத்தாங்கிளாஸ்ல பெஞ்சுல அடிச்ச சத்தியம். சினிமாவுக்குக்கூட அப்படித்தான்."

அந்தச் சத்தியம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், காலியான படுக்கை எனக்கு வராது என்பதும் தெரிந்திருக்கும்.

அம்மா எனக்காகப் பொய் சொன்னார் என்று கேட்டவுடன் எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. அத்தையைவிட அம்மா என்னைத்தான் பெரிதாக நினைத்திருக்கிறார் என்று தோன்றியது. இரண்டு நிறுத்தங்கள் வரை அந்த மகிழ்ச்சி இருந்தது. அதன் பிறகு ஊமை அத்தை, "நேத்து வெளிய வந்து படியில உட்கார்ந்தவ எழுந்திருக்கவே இல்லையாம்" என்றார். அடுத்த நிறுத்தத்தில் பள்ளி வந்தது. நான் இறங்கி நேராக நூலகரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை இங்கே அழைத்து வந்தார். நான் வந்திருப்பது அம்மாவுக்குத் தெரியாது.

கப்பல் நிறுவனத்தின் விதிமுறைகளில் கடைசிப் பக்கத்தில், ரத்து செய்தவர் ஏழு நாட்களுக்குள் எழுதிக் கேட்டால் அதே படுக்கை திரும்பத் தரப்படும் என்று உள்ளது. நால்வரில் யாரும் அதைப் படிக்கவில்லை. படிக்கும் வேலை என்னுடையதாக இருந்தது. ஏழாவது நாள் இன்று. அலுவலகம் மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. இப்போது மணி இரண்டேகால். பல் அத்தை எழுத வேண்டிய கடிதத்தை நான் தனித் தாளில் எழுதி இதனுடன் இணைத்துள்ளேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. இம்முறை அதை அவர்தான் போட வேண்டும்.

அம்மா நேற்றுக் கொடுத்த வாக்குமூலத்தைக் கிழித்துவிடும்படி அதிகாரியைக் கேட்டேன். கிழிக்கக் கூடாது, இதையும் அதன் பக்கத்தில் வைக்கலாம் என்றார். இரண்டையும் பல் அத்தைக்குப் படிக்கக் கொடுக்க எனக்குச் சம்மதம். அதிகாரி கூப்பிட்டதால் வந்து, அவர் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார்.

நான் செய்ததாக மேலே எழுதியதெல்லாம் நான் செய்தது; பிறர் சொன்னதாக எழுதியதெல்லாம் என் காதால் கேட்டது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதை எழுதவில்லை. எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். வேறு ஏதும் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். அம்மா அவர்களோடு கப்பலில் போவதில் எனக்கு இப்போதும் விருப்பம் இல்லை. அதுவும் உண்மை என்பதால் எழுதிக் கையொப்பம் இடுகிறேன்.

(கையொப்பம்)