பட்டியலுக்கு வெளியே

ஏப்ரல் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து இருபதுக்கு, புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளக் கதிர்வீச்சு அறையில், நாற்பத்தொரு வயதுப் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு, மருத்துவர் எழுதித் தந்ததைப் போல மூன்று மடங்குக் கதிர்வீச்சு செலுத்தப்பட்டது.

அந்த நேரத்தில் நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் துணி மடிப்பது என் பொறுப்பு. ஓரகத்தி மடித்தால் காலர் கசங்கிவிடும்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கணக்குப் போடுவதற்கான மென்பொருள் நூலகம் ஒன்று இருக்கிறது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் எழுதித் தரலாம். உள்ளே ஆயிரத்து இருநூறு ஃபங்ஷன்கள். ஒவ்வொன்றும் ஒரு கணக்கைச் செய்யும். எதைக் கொடுத்தால் எது வரும், எங்கே தவறும் என்று ஒவ்வொன்றின் தலைப்பிலும் விளக்கம் இருக்க வேண்டும். பதினோரு ஆண்டுகளாக அந்த விளக்கங்களை நான் எழுதுகிறேன். பாலம் கட்டுகிறவரும் மழையைக் கணிக்கிறவரும் படிப்பது என் வரிகளைத்தான். ஃபங்ஷனுக்குள் எட்டிப் பார்க்கிறவர் நூற்றில் ஒருவர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. விளக்கம் எழுதுபவர் அதைத் தானே சேர்ப்பதில்லை. ஃபங்ஷனை எழுதியவருக்கு அனுப்புவார். அவர் படித்துப் பார்த்துத் தன் பெயரில் சேர்ப்பார். அதனால் பதினோரு ஆண்டு எழுதியும் என் பெயர் எங்கும் கிடையாது. எனக்கு அதில் வருத்தமில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு ஓரகத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கணிதம் படித்தவள். நூலகத்தை அவளுக்கு அறிமுகம் செய்ததே நான்தான். ஓராண்டுக்குள் பதினான்கு ஃபங்ஷன்கள் எழுதினாள். பிறகு மாநாடுகளில் பேசக் கூப்பிட்டார்கள்.

"என் ரெண்டு மருமகளுக்கும் ஒரே வேலை" என்று மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னபோது கொழுந்தன் குறுக்கே வந்தான்.

"ஒரே வேலை இல்லம்மா. இவ ஃபங்ஷன் நடத்துறா, அண்ணி பத்திரிகை எழுதுறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல வேடிக்கைதான். என் கணவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

போன அக்டோபரில் அவள் ஒரு ஃபங்ஷன் எழுதினாள். பட்டியலில் உள்ள இரண்டு எண்களுக்கு நடுவே விழும் மதிப்பைக் கண்டுபிடித்துத் தரும். மிக வேகமானது. ஆனால் பட்டியலுக்கு வெளியே உள்ள எண்ணைக் கொடுத்தால் அது நிற்காது. குத்துமதிப்பாக ஒரு விடை சொல்லும். பாத்திரம் துலக்கும் இடத்தில் நின்றபடி அவளே அதை என்னிடம் சொன்னாள்.

"அக்கா, பட்டியலைத் தாண்டிட்டா அது பாட்டுக்கு எதையாவது உளறும். கொட்டை எழுத்துல போட்டுடுங்க."

"போட்டுடறேன்."

நான் எழுதியது இது: 'பட்டியலுக்கு வெளியே உள்ள எண்ணைக் கொடுத்தால், பிழை காட்டி நின்றுவிடும்.'

விளக்கத்தில் தரும் எடுத்துக்காட்டுகளை ஒரு நிரல் தினமும் ஓட்டிப் பார்க்கும். விடை மாறினால் எச்சரிக்கும். குறிப்பிட்ட எடுத்துக்காட்டை ஓட்டாதே என்று சொல்ல ஒரு குறி இருக்கிறது. இந்த வரிக்குத் தந்த எடுத்துக்காட்டில் அந்தக் குறியையும் போட்டேன். கை தவறி விழக்கூடிய குறி அல்ல அது. யாராவது ஓர் ஆராய்ச்சியாளர் தப்பான விடை வாங்கி, மாநாட்டில் நாலு பேர் முன்னால் அவளைக் கேள்வி கேட்பார். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

அவள் படிக்காமலே சேர்த்தாள். "அக்கா எழுதினத நான் திருத்தறதா? கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதையால்ல இருக்கு."

மூன்று மாதம் யாரும் கேள்வி கேட்கவில்லை. பாராட்டுத்தான் வந்தது. பிப்ரவரியில் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர் விளக்கக் குழுவின் பொது முகவரிக்கு எழுதினார். நோயாளிக்குத் தரவேண்டிய அளவை இந்த ஃபங்ஷனைக் கொண்டு கணக்கிடுகிறார்களாம். எல்லை தாண்டினால் தடுக்கத் தாங்களே ஒரு சோதனை வைத்திருக்கிறார்களாம். ஃபங்ஷனே நின்றுவிடும் என்று விளக்கம் சொல்வதால் அந்தச் சோதனையை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார்.

அந்த முகவரிக்கு வருவதற்கெல்லாம் பதில் எழுதுவது நான். இரண்டு நாள் யோசித்தேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டாம் நாள் மாலை அந்த ஃபங்ஷனுக்கு விருது அறிவித்தார்கள். மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

'எடுத்துவிடலாம்' என்று பதில் எழுதினேன். நன்றி தெரிவித்து மறு கடிதம் வந்தது.

ஓட்டுநர் பருமனானவர். அவர் உடம்பின் அளவு பட்டியலுக்கு வெளியே விழுந்தது. இருபத்து மூன்று நாள் கிடந்து மே பத்தாம் தேதி இறந்தார்.

விசாரணைக் குழு அவளைக் கூப்பிட்டது. பதிவில் இருந்தது அவள் பெயர். எழுதியது நான் என்று அவள் சொல்லியிருக்கலாம். "படிக்காம சேர்த்தது நான். என் பேர்ல இருக்கு, என் தப்பு" என்றுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கை தவறறது எல்லாருக்கும் நடக்கறதுதான்கா. உங்க பேரை நான் எடுக்கவே மாட்டேன்."

"தப்ப ஒத்துக்கறதுக்குப் பெரிய மனசு வேணும். சின்னவளுக்கு அது இருக்கு" என்றார் மாமியார். என் கணவர் தலையாட்டினார். ஓட்டுநரின் மனைவிகூட விசாரணை அறையில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாளாம்.

வாக்குமூலம் கொடுக்க நான் உங்களிடம் வந்தது அதற்குப் பிறகு. மனசாட்சி உறுத்தியதால் வந்ததாக நீங்கள் எழுதிக்கொண்டீர்கள், இருக்கட்டும். எனக்கு வேண்டியது உண்மை பதிவாவது மட்டும்தான். அந்த வரி அவளுடையது அல்ல. அவ்வளவு தெளிவாக எழுத அவளுக்கு வராது.

என் கைப்பிரதியையும் அந்தக் கடிதத்தையும் திங்கட்கிழமை விசாரணைக் குழுவிடம் கொடுத்தேன். திருத்திய அறிக்கை இன்று காலை வந்தது. நான்காம் பக்கத்தில் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.