மச்சானுக்குக் கேட்ட மாத்திரை

மாத்திரை கேக்கும் தாயி, கேக்கத்தான் செய்யும். நம்மாளுக்குக் கேட்டுட்டுல்லா. ஒங்கம்மா மறதிக்கு இன்னைக்குத்தான் எழுதிக் குடுத்தாரா? மொதல்ல வயித்தப் பொரட்டும், சோத்தக் கண்டா மூஞ்சியத் திருப்புவாங்க. பயந்து நிப்பாட்டிராத. முழுசாக் கொணமாவாது, உள்ள ஞாபகம் கொஞ்ச நாளு ஓடும்னு டாக்டரே சொல்லிட்டாரு. அம்மா நெத்தியில என்ன, கோயில் புத்துமண்ணா? அதையும் பூசு, மாத்திரையும் குடு.

அந்தா, ஃபேனுக்குக் கீழ சட்டப் பித்தான ஒழுங்காப் போட்டு உக்காந்திருக்காரு பாரு, அவருதான். துரைப்பாண்டி. அண்ணனா? நல்லாக் கேட்டே போ. மச்சான். எம் பொண்டாட்டி வள்ளித்தாய் கூடப்பொறந்தவரு.

எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கெடையாது. கெணத்துத் தண்ணிச் சண்டை. அத மனசுல வச்சி, அவ செத்தப்போ பொறந்த வீட்டுக் கோடிச் சேல போட வரல்ல இந்த மனுசன். அவரு ஊரு திருவேங்கடத்துலேருந்து வருவாரு வருவாருன்னு பொழுது சாயுற மட்டும் அவளக் கெடத்தி வச்சிருந்தோம். கடசியில நான் எடுத்த சேலையத்தான் போத்தி அனுப்புனேன். ஊரே பாத்துச்சு. மறப்பேனா?

பொறவு எப்பிடி எங்கூடவா? புத்தி தடுமாறி, பஸ் ஏறி நேரா எங்க வாசல்ல வந்து நின்னாரு. தங்கச்சியப் பாக்க வந்தாராம். அவரு மகன் துபாயில. நீங்களே வச்சிக்கிடுங்க மாமான்னுட்டான். நானும் வச்சிக்கிட்டேன். பாசமா? ஒரு மண்ணும் இல்ல. புத்தி தெளியட்டும், ஏன் வரலன்னு மொகத்துக்கு நேரா கேப்போம்னுதான் இந்த வைத்தியமே.

தெளியாதப்போ அடுப்படியப் பாத்துப் பேசுவாரு. ஏட்டி வள்ளி, கொழம்புல புளி தூக்கலா இருக்கேம்பாரு. செத்த நேரம் காது குடுத்துட்டு, தலைய ஆட்டுவாரு. ஒருக்கா, ஏட்டி, ஒம் புருசன் ஏன் எம்மேல எரிஞ்சு விழுதான்னு கேட்டாரு. அவ என்ன சொன்னாளோ, மனுசன் பொரையேறுற அளவுக்குச் சிரிச்சாரு. எனக்கு ஒண்ணும் கேக்கல. என்ன சொன்னா மச்சான்னு நானே கேட்டுட்டேன் பாத்துக்கோ. பொறவு தட்ட எடுத்துக்கிட்டு அவரு பக்கத்துலயே உக்காந்துதான் சாப்பாடு.

சிரிக்காத தாயி. எனக்குப் புத்தி சரியாத்தான் இருக்கு.

இப்போ தேதி சொல்லுதாரு, டாக்டரு கடிகாரம் வரையச் சொன்னா வரையுதாரு. போன வாரம் சோறு தின்னுக்கிட்டிருந்தவரு கைய அப்பிடியே வச்சிட்டு, மாப்ள, வள்ளி போய்ட்டால்லா, நான் வரலேல்லான்னாரு. நான் கேக்கவே இல்ல. அழுதாரு, அப்பிடியொரு அழுகை. கடைக்குப் போவோம், கோடி எடுக்கணும்னு ஒரே பிடி. யாருக்குப் போத்த, நீயே சொல்லு?

நாக்கப் பிடுங்குற மாதிரி கேக்கணும்னு வருசக்கணக்கா வச்சிருந்த கேள்வி. அத அப்பிடியே விட்டுட்டு, அடுப்படிய எட்டிப் பாத்தேன். சும்மா கெடக்கு.

எங்க டோக்கனா கூப்பிடுதாங்க? எந்திரிங்க மச்சான், பாத்து, படி இருக்கு. டாக்டரு நல்ல முன்னேத்தம்பாரு. நான் மாத்திரைய நிப்பாட்டச் சொல்லத்தான் வந்திருக்கேன். இல்லம்மா, நீ ஒங்கம்மாவுக்கு ஒழுங்காக் குடு.

எனக்கு என்னன்னா கேக்க? ஒண்ணுமில்ல தாயி. இவரு தெளிஞ்சதுலேருந்து வள்ளி நம்ம வீட்டுப் பக்கம் வாரதில்ல.